நாற்பத்தேழு கிலோ

மார்ச் 9, 2025

கிரி அண்ணனுக்கு,

என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். மெயில் அனுப்பினால் இங்கே விண்வெளிக் கம்பெனியின் சட்டப் பிரிவு படித்த பிறகுதான் அது உன்னிடம் வரும். அதனால் கடிதம். அப்பா காரியத்துக்கு நான் வராததற்காக இன்னும் எவ்வளவு காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பாய் என்று கேட்க இதை எழுதவில்லை. அதைவிடப் பெரிய கோபம் இப்போது எனக்கு இருக்கிறது.

போன வாரம் பயணத்துக்குத் தேர்வான எங்கள் நால்வரையும் மாதிரி விண்கலத்தில் உட்கார வைத்து, கிரேனில் தூக்கிக் கீழே விட்டார்கள். பெரிய உயரம் இல்லை. திரும்பி வரும்போது தரையில் இறங்குவது எப்படி இருக்கும் என்று பழக்குவதற்கு. மூன்று ஆண்களும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. யாரோ கட்டையால் இடுப்பில் ஓங்கி அடித்தது போல இருந்தது. கைத்தாங்கலாக இறக்கினார்கள். "தசைப்பிடிப்பு" என்றார் டாக்டர்.

நான் சீட் பிரிவுக்குப் போய், எந்த எடையுள்ள பொம்மையை வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். ஒரு பெரிய ஆண் பொம்மையைக் காட்டினார்கள். அதன் தோள் என் தலைக்கு வருகிறது. "சீட்டின் கீழே உள்ள, அடி தாங்கும் குழாய்கள் இந்தியாவில் செய்தவை. அங்கே சோதனைப் பிரிவின் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார்" என்றார்கள். பெயர் கேட்டேன். "கிரிடார்" என்று உன் பெயரைச் சொன்னான் அந்த ஆள்.

அண்ணே, என் எடை நாற்பத்தேழு கிலோ. இந்தக் கம்பெனியில் நான் பறக்கப் போவது மதுரையில் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா? தெரிந்துமா ஒப்புக்கொண்டாய்?

பதில் எழுது.

ஸ்ரீலக்ஷ்மி


மார்ச் 27

லக்ஷ்மி,

கடிதம் கிடைத்தது. குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பிறகு கேள்வி கேட்கும் பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை.

நான் என்ன செய்தேன் என்று தெரிந்துகொள். உங்கள் கம்பெனி கப்பலூரில் எங்கள் தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுத்தபோது, உட்காருபவரின் எடை அறுபத்திரண்டு கிலோவிலிருந்து நூற்றைந்து வரை என்று கொடுத்தார்கள். அந்த எடைகளுக்கு அது சரியாக வேலை செய்கிறது. அதற்குத்தான் ஒப்புதல் கொடுத்தேன். பெண்களும் போவார்களே, அறுபத்திரண்டுக்குக் கீழே என்ன செய்வது என்று நான் கேட்டேன். "எடைக்குள் வருகிறவர்களைத்தான் தேர்வு செய்வோம்" என்று பதில் வந்தது. அதன் பிறகு உன்னைத் தேர்வு செய்தார்கள். உனக்கு வேறு சீட் செய்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? உனக்கு ஒரு சீட் கூடச் செய்யாமலா படம் பிடித்துப் பேப்பரில் போடுவார்கள்?

உன் இடுப்பு ஏன் வலித்தது என்று சொல்கிறேன். திருமங்கலம் பஸ்ஸில் நீ போயிருக்கிறாய். ஆள் நிறைந்த பஸ் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும். காலி பஸ் தூக்கிப் போடும். வண்டி ஒன்றுதான், ஸ்பிரிங்கும் ஒன்றுதான். பாரம் இருந்தால்தான் ஸ்பிரிங் அமுங்கும். எங்கள் குழாயும் அப்படித்தான். தரையில் மோதும்போது அது மடங்கி நசுங்க வேண்டும், அடி அதில் போய்விட வேண்டும். அதை நசுக்க ஒரு கனம் வேண்டும். உன் கனம் போதாது. குழாய் இரும்புக் கம்பியாக நிற்கும், அடி முழுவதும் உன் முதுகெலும்புக்குப் போகும்.

இது பொறியியல். சதி இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம். உன் படத்தை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். நான் கிழிக்கவில்லை.

கிரிதர்


ஏப்ரல் 12

அண்ணே,

பொறியியல் வகுப்புக்கு நன்றி. நானும் அதே ஊரில் இன்ஜினியரிங் படித்தவள், பத்து வருடம் விமானப்படையில் விமானம் ஓட்டியவள். அதை அடிக்கடி மறந்துவிடுகிறாய்.

உன் விளக்கத்தை அப்படியே இங்கே சொன்னேன். அவர்கள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? என்னை எடை கூடச் சொல்கிறார்கள். பதினைந்து கிலோ! உணவு நிபுணர் ஒருத்தி வந்து, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று அடுக்குகிறாள். சீட்டைச் சரிசெய்ய மாட்டார்களாம், என்னைச் சரிசெய்வார்களாம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மேலதிகாரி வேறு மாதிரி பேசினார். மூன்று பாராசூட்டும் விரிந்தால் கலம் மெத்தையில் விழுவது போல இறங்கும், உன் அண்ணன் குழாய்க்கு வேலையே இருக்காது, ஒன்று விரியாமல் போனால்தான் அது தேவை, அப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார். குறைவு என்றால் எவ்வளவு என்று கேட்டேன். புன்னகை செய்தார்.

எனக்கு ஆறுதல் வேண்டாம். எண் வேண்டும். என் எடையுள்ள பொம்மையை அந்தச் சீட்டில் உட்கார வைத்து, ஒரு பாராசூட் விரியாத வேகத்தில் மோத விடு. முதுகில் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று சொல். இங்கே செய்ய மறுக்கிறார்கள். உன்னால் முடியும். செய்யாவிட்டால் உனக்கும் அந்தப் புன்னகைக்காரருக்கும் வித்தியாசம் இல்லை.

இன்னொன்று. அப்பா இறந்த அன்று நான் மூடிய அறைக்குள் இருந்தேன். வெளி உலகத் தொடர்பு இல்லாமல் எப்படி இருக்கிறோம் என்று பார்க்கிற பயிற்சி. அப்பாவை எரித்து முடித்த பிறகுதான் இவர்கள் என்னிடம் சொன்னார்கள். பயிற்சி கெட்டுவிடக் கூடாதாம். உனக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தபோது தடுத்துவிட்டிருந்தாய். இதை விளக்க வேண்டிய நிலையில் என்னை வைத்ததற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

ஸ்ரீ


மே 20

லக்ஷ்மி,

நீ அறைக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. அம்மாவிடம் சொன்னேன். "அந்த வெள்ளைக்காரய்ங்களுக்கு வீடு வாசல் கிடையாதாடா?" என்றாள். என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

சோதனை செய்துவிட்டேன்.

எங்களிடம் சின்ன பொம்மை இல்லை. சென்னையில் கார் சோதிக்கும் ஒரு கூடத்திலிருந்து வாடகைக்கு எடுத்து, வேனில் கூடவே உட்கார்ந்து வந்தேன். எங்கள் முதலாளி கல்யாணராமன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"கஸ்டமர் கேக்காத டெஸ்ட்ட எதுக்குய்யா செய்யணும்? அறுபத்திரண்டுனு எழுதியிருக்கு. நீ அத மட்டும் பாரு."

"சார், அதுல உக்காரப் போறது என் தங்கச்சி."

"அதான் சொல்றேன். தங்கச்சிங்கிறதால நிதானம் இல்லாம பேசுற."

"நிதானமாத்தான் சார் கேக்குறேன். முடிவு நல்லா வந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அதன் பிறகு ஒத்துக்கொண்டார். பொம்மைக்கு பெல்ட் போடும்போது அதன் தோள் அகலத்தைப் பார்த்தேன். உன் பள்ளிக்கூடச் சீருடை ஞாபகம் வந்தது. வேறொருவரைப் போடச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

குழாய் ஒரு விரல் அகலம்கூட நசுங்கவில்லை. முதுகின் கீழ்ப்பகுதியில் வந்த அழுத்தம், எலும்பு முறியும் என்று சொல்லப்படுகிற எல்லையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. திரும்பச் செய்தேன். அதேதான். படம் பிடித்ததைப் பார்க்காதே. நான் பார்த்தேன், போதும்.

எண்ணை உனக்கு மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. உங்கள் கம்பெனிக்கு நேராக அனுப்பினேன், கல்யாணராமனுக்குத் தெரிவித்துவிட்டே. கூடவே வழியும் சொல்லியிருக்கிறேன்: குழாய்க்குள் மெல்லிய இன்னொரு குழாய். கனம் குறைந்தவருக்கு உள்ளே இருப்பது நசுங்கும், கூடியவருக்கு இரண்டும். செய்து சோதிக்க ஆறு மாதம் ஆகும். அதுவரை பறக்காதே.

கிரி


ஜூன் 8

அண்ணே,

ஜெயித்துவிட்டாய். வாழ்த்துகள்.

என்னைப் பயணத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். "ஸ்ரீலக்ஷ்மியின் பாதுகாப்பைக் கருதி" என்று பத்திரிகைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு அக்கறை! ஆறு மாதமும் வேண்டாம், உள்குழாயும் வேண்டாம். நாற்பத்தேழு கிலோவைத் தூக்கி வெளியே வைத்தால் கணக்கு நேராகிவிடுகிறது. "உன் அண்ணனே செய்த சோதனைதானே?" என்று அந்த மேலதிகாரி என் தோளைத் தட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அதையும் என் மனநிலை சரியில்லை என்பதற்குச் சாட்சியாக எழுதிக்கொண்டார்களாம்.

பதினாறு வயதிலிருந்து இதற்காகத்தான் ஓடினேன். பெண் பார்க்க வந்தவர்களை அனுப்பினேன், விமானப்படையில் "உயரம் போதுமா?" என்று கேட்டவர்கள் முன்னால் உட்கார்ந்து ஓட்டிக் காட்டினேன். இப்போது ஒரு குழாய் நசுங்கவில்லை என்று என்னை நசுக்கிவிட்டார்கள். நீ நிம்மதியாக இருப்பாய். தங்கை தரையில் இருக்கிறாள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் என் சீட்டில் யார் உட்காரப் போகிறார் என்று தெரியுமா? வில்லெம் என்று ஒருவர். தன் சொந்தச் செலவில் வரும் பயணி, அறுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். ஒல்லியானவர். இவர்கள் சொல்கிற எல்லைக்கு ஒன்றிரண்டு கிலோதான் அதிகம். அவர்கள் மேலே இரண்டு மாதம் தங்குகிறார்கள். விண்வெளியில் தங்கினால் உடல் இளைக்கும், எலும்பு பலம் குறையும். யாருக்கானாலும் குறையும். போகும்போது அறுபத்துநான்கு, வரும்போது எவ்வளவு? சீட்டுக்கு வேலை இருப்பது வரும்போதுதானே?

நீ பெரிய பொம்மையைப் போகும்போது உள்ள எடையில் சோதித்தாய். வருகிற எடையை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ என் அண்ணன் என்பதற்காக இல்லை, ஒப்புதல் கொடுப்பவன் நீ என்பதற்காக.

ஸ்ரீலக்ஷ்மி


ஜூன் 25

லக்ஷ்மி,

ஆமாம், நிம்மதியாகத்தான் இருந்தது. உன்னை எடுத்துவிட்டார்கள் என்று டிவியில் பார்த்த அன்று நன்றாகத் தூங்கினேன். அதற்காக என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்த பிறகு அந்தத் தூக்கம் போய்விட்டது.

நேராகக் கல்யாணராமன் அறைக்குப் போனேன். இந்தப் பயணத்துக்கான குழாய்களுக்கு இறுதி ஒப்புதல் அன்றுதான் போக வேண்டியிருந்தது.

"சார், திரும்பி வர்றப்ப எடை எம்புட்டுனு கேளுங்க. அத வச்சு ஒரு டெஸ்ட் போடுவோம்."

"மறுபடியுமா? அதான் ஒன் தங்கச்சிய எடுத்துட்டாங்கள்ல. இன்னும் என்னய்யா?"

"அந்தப் பெரியவர் யாருக்கும் அண்ணன் தம்பி இல்லையா சார்?"

"கிரி, இந்த ஆர்டர் போச்சுன்னா இங்க எத்தன குடும்பம் தெருவுக்கு வரும், அத யோசிச்சியா?"

"யோசிச்சேன். அதுக்காக நான் ஒப்புதல் குடுக்க முடியாது."

அவர் கெட்டவர் இல்லை, லக்ஷ்மி. அதுதான் எனக்கு எரிச்சல். அவருக்குப் பயம். உங்கள் மேலதிகாரிக்கும் பயம்தான், அவருக்குப் பின்னால் பணம் போட்டவர்களுக்கும் பயம். எல்லோருடைய பயத்தையும் ஒரு கிழவர் முதுகில் வைத்து அனுப்புகிறார்கள்.

என்னை டிராக்டர் சீட் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒப்புதலைச் சூரியபிரகாஷ் கொடுத்தான். எனக்குக் கீழே வேலை பார்த்தவன், போன வருடம்தான் கல்யாணம் ஆனது. அவனைக் கேட்டேன். "அண்ணே, ஆர்டர்ல இருக்கிற எடைக்கு அது பாஸ் ஆகுதுல்ல? நான் பொய் சொல்லலையே" என்றான். பொய் இல்லைதான். அவன் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது.

நான் எழுதியவற்றுக்கு உங்கள் கம்பெனி பதில் போடவில்லை. வில்லெமிடம் நீ நேரில் சொல். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிரி


ஜூலை 30

அண்ணே,

சொன்னேன். கடற்கரையில் அவரோடு நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் காலி பஸ்ஸைக்கூடச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிசெய்த சீட்டில் உன்னை உட்கார வைத்தால் போவாயா?" என்று கேட்டார்.

"உடனே போவேன்."

"சரிசெய்ய எவ்வளவு நாள்?"

"ஆறு மாதம் என்கிறார் என் அண்ணன். இவர்கள் தொடங்கவே இல்லை."

"எனக்கு அறுபத்தாறு வயது. அடுத்த மருத்துவப் பரிசோதனையில் என்னைத் தள்ளிவிடுவார்கள். பாராசூட் விரிந்துவிட்டால்?"

"விரியாவிட்டால்?"

அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் போயிருப்பேன், அதுதான் கசப்பாக இருக்கிறது. ஒருவருடைய ஆசை எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டு, அதன்மேல் கணக்குப் போடுகிறவர்கள்மேல்தான் என் கோபமெல்லாம்.

நேற்றுக் காலை புறப்பட்டார்கள். வேலிக்கு வெளியே மக்களோடு மக்களாக நின்று பார்த்தேன். பக்கத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

ஸ்ரீ


அக்டோபர் 3

லக்ஷ்மி,

நேற்று அவர்கள் திரும்பியதை நீயும் பார்த்திருப்பாய். அம்மாவும் நானும் வீட்டில் பார்த்தோம். இரண்டு பாராசூட் விரிந்தன. மூன்றாவது ஈரத்துணி போலத் தொங்கியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கலம் மண்ணைத் தொட்டதும் தூசி எழுந்தது. "பத்திரமாகத் தரையிறங்கினர்" என்று டிவியில் கத்தினார்கள். கதவைத் திறந்து மூன்று பேரை உட்கார வைத்தே தூக்கி வந்தார்கள், கை அசைத்தார்கள். நாலாமவரைக் காட்டவில்லை. கேமராவை வானத்துக்குத் திருப்பினார்கள்.

"ஏன்டா, இன்னொருத்தர் எங்க?" என்று அம்மா கேட்டாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

சாயங்காலம் சூரியபிரகாஷ் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று அழுதான். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். முடியவில்லை. உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். அம்மா காபி கொடுத்தாள்.

இன்று கல்யாணராமன் கூப்பிட்டார். அங்கிருந்து அரசாங்க விசாரணைக் குழு வரப்போகிறதாம். "கேட்ட எடைக்குச் சரியாச் செஞ்சு குடுத்தோம்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்" என்றார். "சொல்றேன் சார். கேட்ட எடை தப்புன்னு நான் சொன்னதையும், நீங்க காதுல வாங்காததையும் சேத்துச் சொல்றேன்" என்றேன். பேப்பர் வெயிட்டைக் கையில் எடுத்தார். எறிவார் என்று நினைத்தேன். திரும்ப மேசைமேல் வைத்துவிட்டார்.

வில்லெம் எப்படி இருக்கிறார்? உண்மையைச் சொல்.

கிரி


நவம்பர் 16

அண்ணே,

உயிரோடு இருக்கிறார். முதுகில் இரண்டு எலும்புகள் நொறுங்கிவிட்டன. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நடக்க மாட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், "மேலிருந்து உங்கள் ஊரைப் பார்த்தேன். தெற்கே முழுக்க மேகம், கொஞ்சம்தான் தெரிந்தது" என்றார். என்ன சொல்வது? சிரிக்க முயன்று அழுதுவிட்டேன். "நீ சொன்னாய், நான்தான் போனேன்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அதைத்தான் கம்பெனி வக்கீலும் சொல்கிறார். வில்லெம் சொன்னால் பெருந்தன்மை. வக்கீல் சொன்னால் அயோக்கியத்தனம்.

விசாரணையில் காலை முழுவதும் பேசினேன். தசைப்பிடிப்பு என்று சொன்ன டாக்டரிலிருந்து வெண்ணெய் கொடுத்த பெண்வரை ஒருவரையும் விடவில்லை. அந்த மேலதிகாரி எதிரே உட்கார்ந்திருந்தார். "ஸ்ரீலக்ஷ்மி பயணத்தை இழந்த ஏமாற்றத்தில் பேசுகிறார்" என்றார். "ஆமாம், ஏமாற்றம்தான். அதனால் வில்லெம் முதுகு முறியவில்லை என்று ஆகிவிடுமா?" என்றேன். அதன் பிறகு அவர் புன்னகை செய்யவில்லை.

கம்பெனி என் ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. ரகசியம் காக்கவில்லையாம். வேறு கம்பெனிகளும் இனி என்னை எடுக்கப் போவதில்லை. முப்பத்தெட்டு வயதில் எனக்கு வானம் முடிந்துவிட்டது. எல்லோரும் நான் தைரியசாலி என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை வேண்டாம். எனக்கு அந்தச் சீட் வேண்டியிருந்தது, சரியாகச் செய்த சீட்.

ஊருக்கு வருவதா என்று தெரியவில்லை. வந்தால் எல்லோரும் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அப்பா இல்லாத வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஸ்ரீ


ஜனவரி 5, 2026

லக்ஷ்மி,

விசாரணைக் குழுவின் உத்தரவு போன மாதமே வந்துவிட்டது. இனிமேல் அந்தச் சீட் மிகக் குறைந்த எடையிலிருந்து, அதுவும் திரும்பி வரும்போது இருக்கும் எடையில் சோதிக்கப்பட வேண்டும். அதுவரை ஒருவரும் பறக்கக் கூடாது. கல்யாணராமன் என்னை டிராக்டரிலிருந்து திரும்பக் கூட்டிவந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. "என்ன வேணுமோ செஞ்சுக்கய்யா" என்றார். செய்தேன்.

மே மாதமே வரைந்து வைத்திருந்ததால் முதல் மாதிரி சீக்கிரம் முடிந்தது. நேற்று உள்குழாய் வைத்த சீட்டில் சின்ன பொம்மையை உட்கார வைத்து மோதவிட்டோம். இந்த முறை பெல்ட்டை நானே மாட்டினேன். குழாய் அழகாக மடிந்து நசுங்கியது. முதுகில் வந்த அழுத்தம் எல்லைக்கு நன்றாகக் கீழே. எல்லோரும் கை தட்டினார்கள், சூரியபிரகாஷ் விசில் அடித்தான். நான் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தேன். கோபம்தான் வந்தது. இவ்வளவுதான், லக்ஷ்மி! ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். போன மே மாதம் அவர்கள் சரி என்று சொல்லியிருந்தால் வில்லெம் நடந்துகொண்டிருப்பார், நீ மேலே போய்வந்திருப்பாய்.

இனி யாரோ ஒரு பெண் அதில் உட்கார்ந்து போவாள். உன்னைப் போலச் சின்ன உருவமாக இருப்பாள். இறங்கும்போது முதுகில் ஒன்றும் ஆகாது. ஏன் ஆகவில்லை என்று அவளுக்குத் தெரியப் போவதில்லை. அவளை நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, பற்றிக்கொண்டும் வருகிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும். இதை உன்னிடம் தவிர வேறு யாரிடம் சொல்ல?

ஊரில் கேட்பார்கள்தான். கேட்டால் கத்து. நானும் கூடக் கத்துகிறேன். அம்மா உன் அறையைக் கழுவிவிட்டாள். அப்பா வருஷத் திதி அடுத்த மாதம். நீ வராமல் நான் உட்காரப் போவதில்லை என்று புரோகிதரிடம் சொல்லிவிட்டேன்.

இனி கடிதம் எழுதாதே. போனில் தடையை எடுத்துவிட்டேன். விமானம் ஏறும்போது கூப்பிடு, ஏர்போர்ட்டுக்கு வாரேன். என்மேல் மிச்சமிருக்கிற கோபத்தை எல்லாம் காரில் வைத்தே திட்டித் தீர்த்துவிடு. அம்மா முன்னால் வேண்டாம்.

உன் அண்ணன்,
கிரி